ஊலாவ் என்னும் பெயர் வழக்கொழிந்துவிட்டதா?

ஜூன் 8, கேள்வி

நோர்வேயில் வசிக்கும் என் அக்காவுக்கு ஆவணியில் குழந்தை பிறக்கவிருக்கிறது. ஆண் பிள்ளை என்று சொல்லிவிட்டார்களாம். அத்தான் நோர்வேஜியர், தன் பாட்டனாரின் பெயரான ‘ஒலாவ்’ என்பதையே வைக்க வேண்டும் என்கிறார், அக்காவும் சம்மதித்துவிட்டார். இணையத்தில் தேடினால் அதன் பொருள் ‘மூதாதையரின் மிச்சம்’ என்று போட்டிருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கோ ‘ஃபுரோஸன்’ படத்தில் வரும் பனிமனிதன்தான் நினைவுக்கு வருகிறான். கிழவர்களோடு போய்விட்ட பெயர், பொருளும் சரியில்லை என்பது என் கருத்து. அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜூன் 8, இரவு

தம்பி, நான் பேர்கன் நகரில் வசிக்கிறேன். உங்கள் இரண்டு கருத்துகளையும் நான் ஏற்கவில்லை. பெயர் போய்விடவில்லை, இருக்கும் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. பொருளிலும் குறையொன்றும் இல்லை. வேலை முடிந்து வந்த களைப்பில் இதைச் சுருக்கமாக எழுதுகிறேன், விவரமாகப் பின்னர் எழுதுவேன். முதலில் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். நம்முடைய செய்தித்தாள்கள் ‘ஒலாவ்’ என்றும் ‘ஓலாஃப்’ என்றும் எழுதினாலும், நோர்வேஜியர் ‘ஊலாவ்’ என்றே சொல்கிறார்கள். அத்தானின் வீட்டார் முன்னிலையில் நீங்கள் பிள்ளையைக் கூப்பிடும்போது அப்படிச் சொன்னால் மகிழ்வார்கள்.

ஜூன் 9

பொருளைப் பற்றி. இந்தப் பெயரின் மிகப் பழைய வடிவத்தை மொழியறிஞர்கள் ‘அனுலைபஸ்’ என்று மீட்டமைக்கிறார்கள். ‘அனு’ என்பது முன்னோர், மூதாதை. ‘லைபஸ்’ என்பது விட்டுச்செல்லப்பட்டது, பின்னால் நிற்பது, அதன் வழியே வாரிசு. அமெரிக்கக் கரைக்குக் கப்பலோட்டிய லைஃப் எரிக்சனின் முதற்பெயரிலும் இதே இரண்டாம் பாதிதான் இருக்கிறது. டென்மார்க்கில் ‘லெவ்’ என்று முடியும் பல ஊர்ப் பெயர்களிலும் அது உண்டு. ஹெர்லெவ், ஹாடர்ஸ்லெவ் போன்ற அந்த ஊர்கள் ஒருவர் விட்டுச்சென்ற உடைமை, அதாவது பரம்பரைச் சொத்து என்னும் பொருளில் பெயர் பெற்றவை. ஆகவே நீங்கள் பார்த்த இணையப் பக்கம் ‘மிச்சம்’ என்று போட்டது பொய்யல்ல, ஆனால் தட்டில் மீந்துபோனது என்னும் பொருளில் அதைப் படிக்கக் கூடாது.

தமிழில் இதற்கு நேரான சொல் நம்மிடமே இருக்கும்போது நீங்கள் முகம் சுளிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும் என்கிறது 114ஆம் குறள். அந்த ‘எச்சம்’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள்கொண்டார். ஒருவர் உலகில் விட்டுச்செல்வதில் தலையாயது அவர் பெற்ற பிள்ளை என்னும் எண்ணத்திலிருந்துதான் இந்தச் சொல்லுக்கும் அந்தப் பெயருக்கும் பொருள் கிடைத்திருக்கிறது. பூட்டனாரின் பெயரைச் சுமக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு என்ன இருக்க முடியும்?

ஜூன் 11

‘கிழவர்களின் பெயர்’ என்று நீங்கள் எழுதியதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் வேலை செய்வது வயோதிபர் இல்லத்தில். அறைக் கதவுகளில் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. ஊலாவ் என்னும் பெயர் அங்கே அடிக்கடி வரும். ஒரே நடைக்கூடத்தில் இரண்டு ஊலாவ்கள் இருந்த காலத்தில், மருந்துத் தட்டு மாறிவிடாமல் இருக்க நாங்கள் அவர்களைப் பிறந்த ஊரைச் சேர்த்துச் சொல்வோம்: ஹார்டாங்கர் ஊலாவ், நூர்ட்ஃபியோர்ட் ஊலாவ். இருவரும் பேசிய கிளைமொழி வேறு, தங்கள் பெயரை உச்சரித்த விதம்கூட நுட்பமாக வேறு. ஹார்டாங்கர்காரர் தன் பெயரைச் சொல்லும்போது முதல் உயிரை நீட்டி, கடைசி மெய்யைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடுவார். காதில் விழுவது ‘ஊலா’ என்பதுதான்.

அவர்கள் எல்லோரும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிறந்தவர்கள். அந்தத் தலைமுறையில் இந்தப் பெயர் செழித்ததற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைய குழந்தைகளுக்கு இடும் முதற்பெயர்களில் ஊலாவ் முன்னணியில் இல்லை என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர்களைப் பார்க்க வரும் பேரப்பிள்ளைகளின் முழுப் பெயரைக் கேட்டுப்பாருங்கள். யான் ஊலாவ், பேர் ஊலாவ் என்று இரண்டாம் இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். நோர்வேயின் புள்ளிவிவரத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் பிரபலமான பெயர்ப் பட்டியல் முதலாவதாக நிற்கும் பெயரையே கணக்கிலெடுக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பெயர் இறந்துவிட்டதாகத் தீர்ப்பளிப்பது நியாயமல்ல.

ஜூன் 12

பின்லாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்: அங்கே ‘ஓலவி’ என்னும் வடிவம் ஆண்களின் இரண்டாம் பெயராக மிகப் பரவலாம். இது எனக்கும் தெரிந்ததே, நேற்றே எழுதியிருக்க வேண்டும். சுவீடனிலும் அப்படித்தான், லார்ஸ்-ஊலொஃப், பேர்-ஊலொஃப் போன்ற இரட்டைப் பெயர்கள் அங்கே ஒரு தலைமுறையின் அடையாளமாகவே இருந்தன. பெர் ஊலொஃப் என்பவரை முதலெழுத்துகளால் ‘பே-ஊ’ என்று கூப்பிடுவார்கள்.

ஜூன் 15

முன்னோரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நோர்வேயில் அது வேரூன்றியிருந்த வழக்கம்: மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வளர்ந்த எனக்கு இதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஊலாவ் என்னும் பெயரில் இந்த வழக்கம் வெறும் மரியாதையாக நிற்கவில்லை, அதற்குப் பின்னால் ஒரு பழங்கதையே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ‘ஃபிளாட்டெய்யார்போக்’ என்னும் பெரும் கையெழுத்துப் பிரதியில் அது வருகிறது.

கெய்ர்ஸ்டாட் என்னும் இடத்தில் ஊலாவ் என்னும் பழைய அரசன் ஒருவன் மேட்டுக்குள் புதைக்கப்பட்டிருந்தான். பல காலம் கழித்து அவன் ராணி என்னும் ஒருவரின் கனவில் வந்தான். (இது நம் ‘ராணி’ அல்ல, அவர் ஓர் ஆண்.) மேட்டைத் திறந்து தன் வாளையும் மோதிரத்தையும் இடுப்புவாரையும் எடுத்துக்கொள்ளும்படி சொன்னான். அப்போது ஓஸ்தா என்னும் பெண் பிரசவ வேதனையில் பிள்ளை பெற முடியாமல் கிடந்தாள். அந்த வாரை அவள் இடுப்பில் கட்டியதும் பிள்ளை பிறந்தது. கனவில் சொல்லப்பட்ட நிபந்தனைப்படி அதற்கு ஊலாவ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் நோர்வேயின் புனித ஊலாவ் ஆனவர்.

கதை அங்கே முடிந்திருந்தால் சாதாரணக் கதையாக இருந்திருக்கும். ஊலாவ் அரசராகி, கிறித்தவராகி, ஒருநாள் அந்த மேட்டைக் கடந்து குதிரையில் போகும்போது உடன் வந்தவர்களில் ஒருவன், நீங்கள் இங்கேதானே புதைக்கப்பட்டீர்கள் என்று கேட்டானாம். தன் ஆன்மா இரண்டு உடல்களில் இருந்ததில்லை என்று அரசர் மறுத்தார். கேட்டவன் விடவில்லை: முன்பொருமுறை இதே இடத்தில் ‘இங்கே இருந்தோம், இங்கிருந்து போனோம்’ என்று நீங்களே சொன்னதாக மக்கள் பேசுகிறார்களே என்றான். அரசர் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெயரோடு உயிரும் திரும்பி வருகிறது என்னும் பழைய நம்பிக்கையும், அதை ஏற்க முடியாத புதிய சமயமும் ஒரே மனிதனின் பெயரில் மோதிக்கொண்ட இடம் இது. இதைப் படித்தபின் அத்தானின் விருப்பத்தை வெறும் பழமைப் பிடிவாதம் என்று உங்களால் சொல்ல முடியுமா, தம்பி?

ஜூன் 22

இன்று விடுமுறை, ஆகவே நீண்ட குறிப்பு ஒன்று. இந்தப் பெயருக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் இந்தப் பெயரின் ஒரு வடிவத்தைத் திட்டியாவது பார்த்திருக்கிறார்கள்.

பழைய பெயரில் ‘அனு’ என்று ஒரு மூக்கொலி இருந்ததல்லவா? ஸ்கண்டிநேவியர் பிற்காலத்தில் அதை இழந்துவிட்டார்கள். ஆனால் 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து போனவர்களின் வாயில் அது இருந்தபடியே அயலவர் காதுகளில் விழுந்திருக்கிறது. பழைய ஆங்கிலேயர் 937ஆம் ஆண்டு புருனன்புர் போரில் தங்களை எதிர்த்த டப்ளின் அரசனை ‘அன்லாஃப்’ என்று எழுதிவைத்தார்கள். ஐரிஷ் மொழியில் அது ‘அம்லைப்’ ஆனது. பிறந்த மண்ணில் தேய்ந்துபோன ஒலியை அந்நியர் பாதுகாத்துத் தந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஸ்கொட்லாந்தின் மேற்கே லூயிஸ் என்னும் தீவு உள்ளது. அந்தத் தீவுகள் 1266இல் பேர்த் உடன்படிக்கை மூலம் ஸ்கொட்லாந்துக்குக் கைமாறும்வரை நோர்வே அரசின் கீழ் இருந்தன. அங்கே ‘அம்லைப்’ என்பது கேலிக் மொழியில் தேய்ந்து ‘ஆலே’ ஆயிற்று. ‘மாக்’ என்றால் மகன். ஆலேயின் மகன் வழி வந்தோர் ‘மாக்ஆலே’. அந்த லூயிஸ் தீவின் மாக்ஆலே குடும்பத்திலிருந்து வந்தவர்தான் 1835இல் இந்தியாவின் கல்வியைப் பற்றிய குறிப்பை எழுதிய தோமஸ் பாபிங்டன் மெக்காலே. ஆலே என்னும் முதற்பெயரும் அந்தக் குடும்பத்தில் வழங்கிவந்தது. அவர் 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கி, அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைக் காண நீலகிரிக்கு மலையேறிப் போனார். ஊலாவின் மகன் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஒருவர் ஊட்டியில் மழைக்காலத்தைக் கழித்திருக்கிறார். அவர் எழுதியதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு, ஆனால் அது வேறு இழைக்கானது.

ஜூன் 23

அப்படியானால் மெக்காலே என்னும் குடும்பப் பெயருடைய எல்லோரும் வைக்கிங் வம்சமா என்று கேட்டு, அதற்கு ஆம் என்று நீங்களே பதிலும் எழுதிய நண்பருக்கு: இல்லை. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்தின் நிலப்பகுதியிலும் ‘அமல்கய்த்’ என்னும், இதனோடு தொடர்பில்லாத பழைய கேலிக் பெயரிலிருந்து வந்த குடும்பங்களும் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டலில் கலந்துவிட்டன. ஐரிஷ் ‘மக்ஆலிஃப்’ குடும்பப் பெயரோ ஊலாவ் வழி வந்ததே. ஒலி ஒன்றுபோல இருப்பதை மட்டும் வைத்து வம்சம் சொல்ல வேண்டாம்.

ஜூலை 2

இன்று ஐந்தாம் ஊலாவ் அரசரின் பிறந்தநாள், ஆகவே முன்னர் சொன்ன அரசியல் காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன். அவர் 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாண்ட்ரிங்கம் தோட்டத்திலுள்ள ஆப்பிள்டன் இல்லத்தில் பிறந்தபோது அவருடைய பெயர் ஊலாவ் அல்ல, அலெக்சாண்டர். தந்தை டென்மார்க்கின் இளவரசர் கார்ல். 1905இல் நோர்வே சுவீடனுடனான கூட்டை முறித்துத் தனியரசாகி, மக்கள் வாக்கெடுப்பின் பின் அந்த டேனிஷ் இளவரசரை அரசராகத் தேர்ந்தெடுத்தது. அவர் ஹோகோன் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார், இரண்டு வயது மகனுக்கு ஊலாவ் என்று பெயர் மாற்றினார். அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி, கொட்டும் பனியில், தலைநகரின் துறையில் மகனைக் கையில் ஏந்தியபடி அவர் வந்திறங்கினார்.

இந்த இரண்டு பெயர்களைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது. இடைக்காலத்தில் நோர்வேயின் தனி அரச மரபு ஆறாம் ஹோகோனோடும் அவர் மகன் நான்காம் ஊலாவோடும் முடிந்தது. அந்த மகன் 1387இல், இன்னும் இருபது வயதும் நிரம்பாத நிலையில் இறந்தான். அதன்பின் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக நோர்வே மற்றவர்களின் அரசர்களுக்குக் கீழே இருந்தது. புதியவர்கள் ஏழாம் ஹோகோன் என்றும், பின்னர் ஐந்தாம் ஊலாவ் என்றும் எண்ணிடப்பட்டபோது, அறுந்த கயிறு அறுந்த இடத்திலேயே முடிச்சிடப்பட்டது. அதே தந்தை, மகன் வரிசையில்! நடைக்கூடத்தில் நான் பார்த்த கதவுப் பலகைகளில் பல அந்த முடிச்சிலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன். பிள்ளைக்கு ஊலாவ் என்று பெயரிடுவது அந்தத் தலைமுறைக்கு நாட்டின் விடுதலையைப் பெயரில் எழுதுவதாக இருந்தது. டேனிஷ் முறையிலான ‘ஃப்’ முடிவைக் கைவிட்டு ‘வ்’ முடிவைப் பிடித்துக்கொண்டதும் அந்த உணர்வைச் சேர்ந்ததுதான்.

அந்த அரசரின் மேல் இங்கே இன்னும் உண்மையான அன்பு இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். 1973 எண்ணெய் நெருக்கடியில் கார் ஓட்டத் தடை இருந்தபோது, பனிச்சறுக்குப் பலகைகளோடு ஹொல்மன்கொல்லன் போகும் இரயிலில் ஏறிப் பயணச்சீட்டுக்குப் பணம் நீட்டிய அவருடைய புகைப்படம் இங்கு எல்லோருக்கும் தெரியும். 1991 ஜனவரியில் அவர் இறந்தபோது அரண்மனை முன்றலில் மக்கள் பனியில் மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்தார்கள்.

ஜூலை 10

‘ஊலே’ என்பதும் இதே பெயரா என்று கேட்டவருக்கு: ஆம். ஊலா, ஊலே இரண்டும் இதன் பேச்சுவழக்கு வடிவங்கள். 19ஆம் நூற்றாண்டில் நோர்வேயில் மிகப் பரவலாக வழங்கிய ஆண் பெயர்களில் ஊலே ஒன்று. ஊல்சன் இன்றைக்கும் ஹான்சன், யோஹான்சன் ஆகியவற்றோடு நாட்டின் முதல் மூன்று குடும்பப் பெயர்களில் நிற்கிறது. ‘ஊலேயின் மகன்’ என்பதே அதன் பொருள். 1999இல் பார்சலோனாவில் மான்செஸ்டர் யுனைடட்டின் வெற்றிக் கோலை அடித்த ஊலே குன்னார் சூல்ஷாரும், டென்மார்க்கில் லெகோ நிறுவனத்தைத் தொடங்கிய தச்சர் ஊலே கீர்க் கிறிஸ்டியன்சனும், சுடப்பட்டு இறந்த சுவீடன் பிரதமர் ஊலொஃப் பால்மேயும், ஐஸ்லாந்தில் நிறையப் பேர் தாங்கும் ஓலாவுரும் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். சராசரி நோர்வேஜியரைக் குறிக்கப் பத்திரிகைகள் எழுதும் கற்பனைப் பெயரே ‘ஊலா நூர்மன்’ என்பதாகும். போய்விட்ட பெயருக்கு இப்படியொரு வேலையைக் கொடுப்பார்களா?

பேர்கன் நகர மையத்தில் ஊலாவ் கியர்ரே வீதியும் ஊலே புல் சதுக்கமும் ஒன்றையொன்று தொடுகின்றன. வேலைக்குப் போகும் நாள்களில் அந்த மூலையைக் கடக்கிறேன். முதலாமவர் 1070 அளவில் இந்த நகரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் அரசர். மற்றவர் 1810இல் இங்கே பிறந்த வயலின் மேதை. சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை வாசித்துக்கொண்டே நிற்கிறது, காலடியில் நீர்த்தேவன் இருக்கிறான். அரசரின் பெயர் எழுத்து வடிவம், கலைஞரின் பெயர் வீட்டு வடிவம். இரண்டு பலகைகளிலும் இருப்பது ஒரே பெயர் என்பது இந்த ஊருக்கு வந்து நெடுங்காலம் கழித்தே என் மனதில் பட்டது.

ஜூலை 29

இன்று ஊல்சொக், புனித ஊலாவின் திருநாள். 1030ஆம் ஆண்டு இதே நாளில் ஸ்டிக்லஸ்டாட் என்னுமிடத்தில் தன் நாட்டவரோடு போரிட்டு மடிந்தார். ஓராண்டும் சில நாள்களும் கழிந்ததும் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். ட்ரோன்ட்ஹைமின் நிடாரோஸ் பேராலயம் அவர் கல்லறை மீதே எழுந்தது. ஒஸ்லோவிலிருந்து அங்கே போகும் 643 கிலோமீட்டர் யாத்திரைப் பாதையில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். நோர்வேயின் அரசச் சின்னத்திலுள்ள சிங்கம் பிடித்திருப்பது அவருடைய கோடரி. 2030இல் ஆயிரமாவது ஆண்டு நிறைவுக்கு நாடே ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. இலண்டனில் டூலி வீதி என்று ஒன்றுண்டு. ‘செயின்ட் ஊலாவ்’ என்பது வேகமான பேச்சில் சிதைந்து அப்படி ஆயிற்று.

இதுவரை எழுதியவற்றை இன்று மீண்டும் படித்தபோது ஒன்று குறைவாகத் தெரிந்தது. பெயரைப் புகழ்வதில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சமயம் மாற மறுத்தவர்களை அவர் கண்ணைப் பிடுங்கியும் கை கால்களைத் துண்டித்தும் தண்டித்ததாக, அவரைப் போற்றும் பழைய சரித்திரங்களே பதிவுசெய்கின்றன. வற்புறுத்தலின் வலியை அறிந்த சமூகத்திலிருந்து வந்தவன் என்ற முறையில் அதை நான் இலேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. என்றாலும் இந்தப் பெயர் அவருக்கு முன்பே பல தலைமுறைகளாக இருந்தது. கெய்ர்ஸ்டாட்டின் மேட்டில் படுத்திருந்தவன் புனிதனல்ல. அக்காவின் பிள்ளைக்குப் பெயர் வருவது அத்தானின் பாட்டனாரிடமிருந்துதான், ஸ்டிக்லஸ்டாட்டிலிருந்து அல்ல.

அந்தப் புனிதரின் மகன் நள்ளிரவில் பிறந்தபோது, தூங்கும் அரசரை எழுப்ப அஞ்சிய கவிஞர் சிக்வாட், தானே ‘மாக்னுஸ்’ என்று பெயரிட்டுவிட்டார். காலையில் அரசர் கோபித்து, இது எங்கள் குலப்பெயர் அல்லவே என்றாராம். உலகின் ஆகச் சிறந்த மன்னனாக நான் அறிந்த கார்ல மாக்னுஸின் (பேரரசர் சார்லமேனின்) பெயரை வைத்தேன் என்று கவிஞர் பதில் சொன்னார். ஊலாவின் மகனுக்கே குலப்பெயர் கிடைக்கவில்லை! ஆனாலும் மாக்னுஸ் அதன்பின் நோர்வே அரசர்களின் பெயராகவே நிலைத்துவிட்டது. புதிய பெயர் வைக்கலாம் என்று வாதிடும் தம்பிக்கு இந்த ஒரு சான்றை நானே தருகிறேன்.

ஆகஸ்ட் 24

பிள்ளை பிறந்ததாகத் தம்பி எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. முதலில் ஒரு தமிழ்ப் பெயர், அடுத்து ஊலாவ், பின் அத்தானின் குடும்பப் பெயர் என்று முடிவாகியிருக்கிறதாம். அக்காவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். நோர்வேயில் பெயர் அறிவிக்கும் படிவத்தில் முதற்பெயர், இடைப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று இடங்கள் இருக்கும். ஊலாவ் இரண்டாவதாக வருகிறது என்பதற்காக அதை இடைப்பெயர்ப் பெட்டியில் எழுதக் கூடாது. சட்டப்படி இடைப்பெயர் என்பது குடும்பப் பெயர் வகையைச் சேர்ந்தவற்றுக்கானது. அங்கே எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும். தமிழ்ப் பெயரையும் ஊலாவையும் இடைவெளி விட்டு முதற்பெயர்ப் பெட்டியிலேயே சேர்த்து எழுத வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் அனுப்பினால் போதும், அவசரம் இல்லை.